எஃபெக்டர் என்பதற்குக் ‘கையாளி’: மக்காச்சோளக் கரிப்பூட்டையை முன்வைத்து ஒரு பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நோய்க்கிருமி தன் தேவைக்காகச் செடிக்குள் சுரந்து அனுப்பும் மூலக்கூற்றைத் தாவர நோயியலில் எஃபெக்டர் என்பார்கள். அச்சொல்லுக்குத் தமிழில் இந்த விவாத இழையில் இதுவரை விளைவி, எதிர்ப்புமுறி, ஊடுருவுபுரதம் ஆகிய மூன்றும் பரிந்துரைக்கப்பட்டுள்ளன. நான் நான்காவதாகக் ‘கையாளி’ என்பதை முன்வைக்கிறேன். ஆங்கிலச் சொல்லின் வேரைப் பார்த்து முடிவு செய்வதைவிட, அந்த மூலக்கூறுகள் செடிக்குள் என்ன செய்கின்றன என்பதைப் பார்த்து முடிவு செய்வதே நல்லது. அதற்கு மக்காச்சோளத்தைத் தாக்கும் பூஞ்சைகள், அவற்றுள்ளும் கரிப்பூட்டை நோயை உண்டாக்கும் உஸ்டிலாகோ மேய்டிஸ், மிகத் தெளிவான சான்றுகளைத் தருகின்றன.

கரிப்பூட்டை கண்ட கதிரில் மணிகள் சாம்பல் வெண்மையான கழலைகளாக உப்பி, முற்றியதும் வெடித்துக் கரிய வித்துத்தூளைக் கொட்டும். (மெக்சிகோவில் இந்தக் கழலைகளை இளசாக இருக்கும்போதே பறித்து விரும்பிச் சமைக்கிறார்கள், அங்கே இதன் பெயர் விட்லகோச்சே.) இந்நோய் தொடங்கும் விதம்தான் நம் விவாதத்துக்கு முக்கியம். ஈஸ்ட் போன்ற ஒற்றைச் செல்லாக வாழும் பூஞ்சை, தனக்கு இணக்கமான மற்றொரு செல்லோடு இணைந்து இழையாக நீண்டு, இலையின் மேற்றோலைத் துளைத்து உள்ளே இறங்குகிறது. அப்போது செடியின் செல் சவ்வு கிழிவதில்லை. பூஞ்சை இழையைச் சுற்றி அது உள்வாங்கிக்கொண்டு உறைபோல மூடிக்கொள்கிறது. செல் சாகவில்லை, பூஞ்சைக்கும் அந்தச் சவ்வுக்கும் இடையே ஒரு மெல்லிய இடைவெளி மட்டுமே இருக்கிறது. பூஞ்சை தன் புரதங்களை முதலில் சுரந்துவிடுவது அந்த இடைவெளிக்குள்தான்.

அங்கே வேலை செய்யும் பெப்1 என்ற புரதத்தை எடுத்துக்கொள்வோம். செடி தன்னைத் தாக்க வந்த பூஞ்சையை அதன் சுவரிலுள்ள கைட்டின் போன்ற பொருள்களைக் கொண்டு அடையாளம் கண்டு, வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைப் பொழிகிறது. அதற்கு உதவும் பெராக்சிடேஸ் நொதியைப் பெப்1 தடுத்து நிறுத்துகிறது. பெப்1 மரபணு நீக்கப்பட்ட பூஞ்சை மேற்றோலைத் துளைக்கும் கட்டத்திலேயே நின்றுவிடும். அதற்கு மேல் ஒரு செல்லும் முன்னேறாது. பிட்2 என்ற இன்னொரு புரதம் செடி தன் தற்காப்புக்குப் பயன்படுத்தும், புரதங்களைச் சிதைக்கும் நொதிகளான சிஸ்டீன் புரோட்டியேஸ்களை முடக்குகிறது. இவ்விரண்டை மட்டும் பார்த்தால் ‘எதிர்ப்புமுறி’ என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துவதுபோலத் தோன்றும்.

ஆனால் அடுத்த இரண்டைப் பார்த்தால் அந்தப் பொருத்தம் குலைந்துவிடுகிறது. சிஎம்யு1 என்பது ஒரு நொதி. அது செடியின் செல்லுக்குள்ளேயே புகுந்து அண்டைச் செல்களுக்கும் பரவி, கோரிஸ்மேட் என்ற பொருளை வேறு வழிக்குத் திருப்பிவிடுகிறது. எதிர்ப்பாற்றலுக்கு வேண்டிய சாலிசிலிக் அமிலம் உருவாவது அந்தக் கோரிஸ்மேட்டிலிருந்துதான் என்பதால், கச்சாப்பொருள் குறைந்து அமிலமும் குறைகிறது. இங்கே முறிக்கப்பட்டது எதுவுமில்லை. செடியின் வளர்சிதை மாற்றம் திசை மாற்றப்பட்டிருக்கிறது, அவ்வளவே. டின்2 இன்னும் வியப்பானது. அது செடியின் சொந்தக் கைனேஸ் (பிற புரதங்களின் செயலை மாற்றும் நொதி) ஒன்றைச் சிதையாமல் காப்பாற்றுகிறது. அதன் விளைவாக ஆந்தோசயனின் நிறமி பெருகுகிறது. டின்2 இல்லாத பூஞ்சை தாக்கிய செடியிலோ நிறமி சேர்வதில்லை, குழாய்த் திசுக்களில் லிக்னின் என்ற மரப்பொருள் கூடுதலாகப் படிந்து இறுகுகிறது. செடியின் புரதத்தைக் காப்பாற்றும் ஒரு மூலக்கூற்றை ‘முறி’ என்று அழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

2006இல் இப்பூஞ்சையின் மரபணுத்தொகை வெளியானபோது தெரியவந்த செய்தி ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். சுரக்கப்படும் புரதங்களுக்குரிய மரபணுக்கள் பல கொத்துக் கொத்தாக அமைந்திருந்தன. அக்கொத்துகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்த்தபோது, சிலவற்றை நீக்கினால் நோயின் வேகம் தணிந்தது. ஒரு கொத்தை நீக்கியபோதோ நோய் முன்னைவிடக் கடுமையாயிற்று. எனவே இம்மூலக்கூறுகள் எப்போதும் பூஞ்சையின் பக்கமே வெற்றியைக் கொண்டு சேர்க்கும் என்ற எண்ணத்தைப் பெயருக்குள் பொதிந்து வைக்கலாகாது.

செடியும் சும்மா இருப்பதில்லை. சிஎம்யு1ஐப் பற்றிக்கொண்டு செயலிழக்கச் செய்யும் கிவெல்லின் வகைப் புரதம் ஒன்று மக்காச்சோளத்தில் இருப்பதை 2019இல் கண்டறிந்தார்கள். இலைக்கருகல் நோயை உண்டாக்கும் எக்ஸெரோஹிலம் டர்சிகம் பூஞ்சையில் இந்தப் போட்டி பெயரிடும் முறையிலேயே பதிவாகியிருக்கிறது: மக்காச்சோளத்தின் எச்.டி. எனப்படும், எண்ணிட்டு வழங்கும் எதிர்ப்பு மரபணுக்களுள் எவற்றை ஒரு பூஞ்சை இனம் வெல்கிறதோ அந்த எண்களே அதன் பெயர். இரண்டாவதையும் மூன்றாவதையும் வெல்வது இனம் 23. செடியின் ஓர் எதிர்ப்பு மரபணுவுக்குப் பூஞ்சையின் ஒரு மரபணு ஈடாக நிற்கும் இத்தகைய ‘மரபணுவுக்கு மரபணு’ உறவில், பூஞ்சை அனுப்பும் ஒரு மூலக்கூறு செடியால் அடையாளம் காணப்பட்டுவிட்டால், அதுவே எதிர்ப்பைத் தூண்டும் காரணியாகிவிடுகிறது. எதிர்ப்பைத் தூண்டுவதை ‘எதிர்ப்புமுறி’ என்று மாணவருக்கு எப்படிக் கற்பிப்பது?

‘ஊடுருவுபுரதம்’ பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெப்1 செல்லுக்குள் ஊடுருவாமல் வெளியிலேயே வேலை செய்கிறது. மக்காச்சோளத்தைத் தாக்கும் மற்றொரு பூஞ்சையான கோக்லியோபோலஸ் கார்போனம் சுரக்கும் எச்.சி. நஞ்சு புரதமே அன்று, நான்கு அமினோ அமிலங்கள் வளையமாகக் கோத்த சிறு மூலக்கூறு. அந்த நஞ்சைச் செயலிழக்கச் செய்யும் மக்காச்சோள மரபணுவான எச்.எம்.1தான் 1992இல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட தாவர நோயெதிர்ப்பு மரபணு. எஃபெக்டர் என்பதை விரிந்த பொருளில் ஆள்வோர் இத்தகைய நஞ்சுகளையும் அதற்குள் சேர்க்கிறார்கள் என்பதால், நம் சொல் அவற்றுக்கும் இடம் தர வேண்டும்.

‘விளைவி’ இலக்கணப்படி குறையற்ற சொல், நடுநிலையானதும்கூட. என் தயக்கம் வயலைச் சார்ந்தது. விளை, விளைச்சல், விளைபொருள் என்று உழவர் நாள்தோறும் புழங்கும் சொற்குடும்பத்துக்குள் ‘பூஞ்சை விளைவி’ என்பதைக் கொண்டுபோய் வைத்தால், அது மகசூலைக் கூட்டும் நுண்ணுயிர் உரம் என்றே பலருக்கும் படும். பெரம்பலூரிலோ அரியலூரிலோ மக்காச்சோளம் பயிரிடுபவர் கையில் சேரும் துண்டறிக்கையில் இந்தக் குழப்பம் வரக்கூடாது. கலைச்சொல் ஆய்வுக்கட்டுரையோடு நின்றுவிடும் என்று எண்ணி அமைக்கப்படும் சொற்களே பின்னாளில் நமக்குத் தொல்லை தருகின்றன.

இனி ‘கையாளி’. கையாளுதல் என்றால் ஒன்றைத் தன் தேவைக்கேற்ப இயக்குதல். நொதியைத் தடுப்பதும், கோரிஸ்மேட்டைத் திருப்பிவிடுவதும், கைனேஸைக் காப்பதும் எல்லாம் அதில் அடங்கும். செயல் வென்றதா தோற்றதா என்பதை அச்சொல் சொல்வதில்லை. ‘கையாள்’ என்ற பெயர்ச்சொல் ஒருவருக்காக வேலை முடிக்கப் போகும் ஆளைக் குறிப்பதால், பூஞ்சை அனுப்பி வைத்தது என்ற குறிப்பும் இயல்பாகவே உடன் வருகிறது. கூட்டுச்சொற்களும் இடறாமல் அமைகின்றன: கையாளிப் புரதம், கையாளி மரபணு, நச்சுக் கையாளி, செல்லகக் கையாளி, செல்வெளிக் கையாளி. கணினித் துறையில் ‘நிகழ்வு கையாளி’ என்ற ஆட்சி இருப்பதை அறிவேன். அடைமொழியும் துறையும் வேறாக இருப்பதால் அது இடையூறாகாது என்பது என் கருத்து. உடலியங்கியலில் நரம்புக் கட்டளையை நிறைவேற்றும் தசைக்கும் சுரப்பிக்கும் எஃபெக்டர் என்ற அதே பெயர் வழங்குகிறது என்றாலும், அங்கே ‘கையாளி’யைத் திணிக்க வேண்டாம், பொருள் வேறு என்பதால் சொல்லும் வேறாகவே இருக்கட்டும்.

முடிவு செய்ய வேண்டிய ஒன்று மீதம் இருக்கிறது. கையாளியை அடையாளம் கண்ட பின் செடியில் எழும் எதிர்ப்பைக் ‘கையாளி தூண்டும் எதிர்ப்பாற்றல்’ என்பதா, ‘கையாளிவழி எதிர்ப்பாற்றல்’ என்பதா? முன்னது தெளிவானது, பின்னது சுருக்கமானது. கைட்டின் போன்ற பொதுக் குறிகளால் எழும் முதல்நிலை எதிர்ப்புக்கும் இதே வாய்பாட்டில் இணைச்சொல் அமைய வேண்டும் என்பதால் நான் முன்னதன் பக்கம் சாய்கிறேன். நோயியல் கற்பிக்கும் உறுப்பினர்கள் வகுப்பில் இரண்டையும் சொல்லிப் பார்த்து, எது மாணவர் நாவில் எளிதாகப் புழங்குகிறது என்று இந்த இழையிலேயே எழுத வேண்டுகிறேன்.