மனநோயாளி கல்லெறிந்தால் தண்டனையா, மருந்தா?

கேள்வி (மஸ்கெலியா)
எங்கள் தோட்டத்தில் மேல் லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) தம்பி ஒருவர், மாதாந்த ஊசியை இரண்டு மாதம் தவறவிட்ட நிலையில், சந்திக் கடையின் கண்ணாடி அலுமாரியைக் கல்லால் உடைத்துவிட்டார். பிணைக்கு ஆள் கிடைக்காமல் 14 நாள் விளக்கமறியலில் இருந்தார். அங்கும் ஊசி போடப்படவில்லை. கடைக்காரரும் கடன் வாங்கிப் பிழைப்பவர்தான். வெளிநாடுகளில் உள்ள மனநல நீதிமன்றம் இங்கும் வந்தால் இருவருக்கும் நியாயம் கிடைக்குமா?

பதில் (நுவரெலியா, சட்டத்தரணி)
அவற்றுள் முன்னோடியாகக் கருதப்படுவது 1997இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து புரோவார்ட் மாவட்டத்தில் தொடங்கியது. சிறு குற்றங்களை எடுத்து, சந்தேகநபர் தாமாக இணங்கினால் சிகிச்சைக்கு அனுப்பி, ஒழுங்காகச் செல்கிறாரா என்று நீதிபதியே அவ்வப்போது அழைத்து விசாரிப்பது அதன் முறை. நமது தண்டனைச் சட்டக்கோவையின் 77ஆம் பிரிவோ, செயலைச் செய்த நேரத்தில் அதன் தன்மையையோ அது தவறென்பதையோ அறிய இயலாதவருக்கே பொருந்தும். நோயாளி என்றாலே விடுதலை என்று அது சொல்லவில்லை. விடுவிக்கப்பட்டவரையும் காவலில் வைக்கக் கட்டளையிடலாம் என்பதால், ஓர் அலுமாரிக்காக அதை எழுப்ப நான் தயங்குவேன். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் பதிலாக வெளியே ஒரு சீர்திருத்த உத்தியோகத்தரின் மேற்பார்வையில் இருக்கச் சொல்லும் கட்டளை ஒன்றையும், கடைக்காரருக்கு நட்டஈட்டையும் கேட்பதே நல்லது.

பதில் (அட்டன், ஓய்வுபெற்ற தாதி)
ஐயா, சிறையா ஊசியா என்று கேட்டால் சிறை என்று யார் சொல்வார்? அதைத் தாமாக இணங்கியதாக எப்படிக் கொள்வது? கிளினிக் நாளில் நோயாளிக்கும் பேர் (தோட்டத்தில் அன்றைய நாட்சம்பளம்) விழாது, கூட்டிச் செல்லும் தாய்க்கும் விழாது. அதனால் வராமல் போனவரைக் கட்டளையை மீறியவர் என்று உள்ளே அனுப்பினால், தண்டிக்கப்படுவது அவருடைய வறுமைதான். மொழி இன்னொரு தொல்லை. “நெஞ்சுக்குள்ள யாரோ பேசுறாங்க” என்று ஒருவர் சொன்னதை உறவினர் சிங்களத்தில் நெஞ்சுவலி என்று மாற்றிச் சொல்ல, அவருக்கு ஈசிஜி எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட அறிக்கையை வைத்து நீதிவான் என்ன முடிவு செய்வார்? கட்டாயச் சிகிச்சை, அந்தக் குற்றத்துக்குரிய தண்டனைக் காலத்தைத் தாண்டவும் கூடாது.

கேள்வி கேட்டவர்
அக்கா சொன்னதுதான் நடந்தது. ஊசி தவறிய இரண்டும் கொழுந்து கூடிய மாதங்கள், அம்மாவால் வேலையை விட முடியவில்லை. கடைக்காரர் பணத்தைத் தவணையில் வாங்கச் சம்மதிக்கிறார்; ஆனால் கிளினிக் அட்டையை மாதாமாதம் தன்னிடம் காட்ட வேண்டும் என்கிறார். இதையும் நீதிமன்றத்தில் சொல்லலாமா?

பதில் (சட்டத்தரணி)
தவணையை மட்டும் சொல்லுங்கள். அட்டையைச் சீர்திருத்த உத்தியோகத்தர் பார்த்தால் போதும். அது கடை மேசைக்கு வர வேண்டிய பொருளன்று.