விலங்கியல் பட்டத்தோடு 108-ல் சேரலாமா, எமர்ஜென்சி படிப்புக்குப் போகலாமா?

வால்பாறைவாசி:

வணக்கம். பி.எஸ்சி. விலங்கியல் முடிச்சிருக்கேன், வயசு 21. 108 ஆம்புலன்ஸ்ல மருத்துவ உதவியாளர் வேலைக்கு கோவையில் முகாம் நடக்கப்போகுதுன்னு பேப்பர்ல வந்திருந்தது. தெரிஞ்சவர் ஒருத்தர், "அதுல போய் முடங்காதே, பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சை படிப்புல சேர், பின்னாடி வளைகுடாவுக்கே போகலாம்"ங்கிறார். இன்னொருத்தர், பணம் கட்டினா 108-ல நேரடியா உள்ளே விட்டுடலாம்னு சொல்றார். எது சரி? முகாம்ல என்ன கேப்பாங்க? கையால செஞ்சு காட்டச் சொல்லுவாங்களா? வேலைக்குச் சேர்ந்தப்புறம் எதுல தப்பு நடக்குமோ அதை இப்பவே தெரிஞ்சுக்கணும்.

சேலம்_எமர்ஜென்சி:

முதல்ல பணம் கேக்கிறவர் விஷயம். ஒரு ரூபா கூடக் கொடுக்காதீங்க. எழுத்துத் தேர்வு, அப்புறம் உடற்கூறு, முதலுதவி, அடிப்படை நர்சிங் பத்தி மருத்துவ நேர்முகம், கடைசியா மனிதவளத் துறை நேர்முகம். முகாம்ல நடக்கிறது இவ்வளவுதான். இதுல யாரும் நடுவுல புகுந்து இடம் வாங்கித் தர முடியாது. வயசு 19 முதல் 30 வரைன்னுதான் விளம்பரங்கள்ல வருது. நர்சிங், டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக டிப்ளமோ) படிச்சவங்களோட விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளையும் எடுக்கிறாங்க. தகுதி உங்களுக்கு இருக்கு.

ஆனா எதுல சேர்றோம்னு தெரிஞ்சு சேருங்க. தமிழ்நாட்டில் 108 சேவை 2008 செப்டம்பர்ல தொடங்கினது. செலவு அரசோடது, நடத்துறது இ.எம்.ஆர்.ஐ. நிறுவனம். சம்பளம் நிறுவனத்துலேர்ந்து வருது, அதனால நீங்க அரசு ஊழியர் ஆக மாட்டீங்க. ஷிப்ட் 12 மணி நேரம், பகலும் வரும் இரவும் வரும். எந்த மாவட்டத்துல போட்டாலும் போகணும்.

தேர்வானா வகுப்பறை, ஆஸ்பத்திரி, ஆம்புலன்ஸ் எல்லாம் சேர்த்து 50 நாள் அளவுல பயிற்சி. நாளைக்கு 8 மணி நேரம்னு வெச்சாலும் 400 மணி நேரம்தான். 2021-ல வந்த தேசிய துணைமருத்துவம் மற்றும் சுகாதாரத் தொழில் ஆணையச் சட்டம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. துணைமருத்துவப் பணியாளர்னு பதிவு பண்ண குறைஞ்சது 2,000 மணி நேரப் படிப்பு வேணும். அதுக்கு மேல் நிலைக்கு 3,600 மணி நேரம். அந்தச் சட்டத்தோட அட்டவணையில எமர்ஜென்சி மெடிக்கல் டெக்னாலஜிஸ்ட் தனித் தொழிலாவே இருக்கு. விலங்கியல் பட்டமும் 50 நாளும் சேர்ந்தா அந்தக் கணக்கு நிறையாது. வேலை கிடைக்கும், ஆனா அந்தத் தொழில்ல படிச்சவர்ங்கிற தகுதி கிடைக்காது.

வளைகுடா கதவு திறக்கிறதும் அடைக்கிறதும் இதுலதான். அங்கே லைசென்ஸ் கேக்கும்போது டேட்டாஃப்ளோங்கிற சான்றிதழ் சரிபார்ப்பு நிறுவனம் மூலமா உங்க பல்கலைக்கழகத்துக்கும் பழைய முதலாளிக்கும் நேரடியா எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பாங்க. படிப்பும் பதவியும் ஒரே துறையா இருக்கணும். விலங்கியல் பட்டத்தை வெச்சு பாராமெடிக் லைசென்ஸ் கேட்டா முதல் படியிலயே நின்னுடும், அஞ்சு வருஷ 108 அனுபவம் இருந்தாலும் சரி. எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோட பி.எஸ்சி. விபத்து மற்றும் அவசர சிகிச்சை படிப்பு மூணு வருஷம், அதோட ஒரு வருஷம் உள்ளுறைப் பயிற்சி. பன்னிரண்டாம் வகுப்புல இயற்பியல், வேதியியல், உயிரியல் படிச்சிருந்தா போதும். சேர்க்கை மார்க் அடிப்படையில. திரும்பவும் முதல் வருஷத்துலேர்ந்து உக்காரணும், அதுதான் கசப்பு.

என் கருத்து: வீட்டுல பணம் உடனே வேணும்னா 108. நாலு வருஷம் தாங்கும்னா படிப்பு. ரெண்டையும் ஒண்ணா பண்ணலாம்னு நினைக்காதீங்க, 12 மணி நேர ஷிப்ட்டுக்கு நடுவுல கல்லூரி வருகைப் பதிவு நிக்காது.

இன்னொண்ணு. பி.எல்.எஸ்., ஏ.சி.எல்.எஸ். (அடிப்படை, மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சி) கார்டு விக்கிற இடங்கள் நிறைய முளைச்சிருக்கு. அது பயிற்சி முடிச்சதுக்கான கார்டு, ரெண்டு வருஷம்தான் செல்லும். லைசென்ஸ்னு சொல்லி வித்தா நம்பாதீங்க.

குமரி_பயிற்றுநர்:

படிப்பைப் பற்றி மேலே சரியாகச் சொல்லியிருக்கிறார். 108-ல் போனால் முடங்கிவிடுவார் என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. பட்டம் வாங்கியும் பையும் மாஸ்க்கும் ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாதவர்கள் உண்டு. அதனால் செய்முறைக்கு வருகிறேன்.

சி.பி.ஆர்., அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சுக் கொடுப்பது, அதன் எண்களைக் கேட்டால் தயங்கக்கூடாது. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 முதல் 6 செ.மீ., 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நாடி பார்ப்பது 10 நொடிக்குள், 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற்றம். எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டுப் பொம்மையில் தோற்பவர்கள்தான் அதிகம். காரணம் ஒன்றே: அழுத்தியபின் உடம்பின் எடையை முழுக்க எடுப்பதில்லை, மார்பின் மேலேயே சாய்ந்து நிற்கிறார்கள். நெஞ்சு முழுசாக மேலெழும்பவில்லை என்றால் இதயத்துக்குள் ரத்தம் திரும்பி வராது, அடுத்த அழுத்தம் வீண்.

பிறகு பி.வி.எம்., அதாவது கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பை. பாடத்தில் இரண்டு பேர் பிடிப்பதைத்தான் சிறந்தது என்பார்கள், அது உண்மைதான். ஆனால் வண்டி ஓடும்போது பின்னால் இருப்பது நீங்கள் ஒருவர். பைலட், அதாவது டிரைவர், ஸ்டியரிங்கில் இருப்பார். ஆகவே ஒற்றைக்கைப் பிடியை இப்போதே பழகுங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாஸ்க்கின் மேல் வளைந்து உட்கார வேண்டும். மற்ற மூன்று விரலும் தாடை எலும்பில் கொக்கி போட வேண்டும். எலும்பில்தான், கீழே உள்ள மெத்தைச் சதையில் விரல் பட்டால் நாக்கு மேலேறி அடைக்கும். மாஸ்க்கை முகத்தின் மேல் கீழ்நோக்கி அமுக்காதீர்கள், தாடையை மாஸ்க்கை நோக்கி மேலே தூக்குங்கள். அமுக்கினால் கழுத்து மடிந்து மூச்சுக்குழாய் மூடும், பையை எவ்வளவு அழுத்தினாலும் காற்று வாயோரம் பீறிடும்.

பெரியவர்களுக்கான பையில் ஏறக்குறைய 1,600 மி.லி. காற்று இருக்கும். நோயாளிக்கு வேண்டியது 500 முதல் 600. ஒரு நொடியில், மார்பு லேசாக எழும்பும் அளவுக்கு மட்டும். பதற்றத்தில் பை முழுவதையும் பிழிந்தால் மிச்சக் காற்று வயிற்றுக்குப் போகும், அடுத்து வாந்தி, அது நுரையீரலுக்குள். நாடி இருந்து மூச்சு மட்டும் நின்ற பெரியவருக்கு 6 நொடிக்கு ஒரு மூச்சு. மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள், பயத்தில் எல்லாருக்கும் கை வேகமாகத்தான் ஓடும்.

ஷிப்ட் தொடங்கும்போது பையைச் சோதிப்பது 10 நொடி வேலை. நோயாளி பக்க வாயை உள்ளங்கையால் அடைத்துப் பையை அமுக்குங்கள். எதிர்த்து நிற்க வேண்டும். கையை எடுத்தால் சட்டென்று நிரம்ப வேண்டும். அமுக்கியதும் மெத்தென்று போனால், கழுவியபின் வால்வைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் அல்லது மாட்டவே இல்லை. குழந்தைகளுக்கான பையில் அழுத்தம் மீறினால் திறக்கும் வால்வு உண்டு. அங்கே உஸ் என்று சத்தம் வந்தால் அது பழுதல்ல.

வால்பாறைவாசி:

ரொம்ப நன்றிங்க. ஆக்சிஜன் கணக்கு கேப்பாங்கன்னு ஒருத்தர் சொன்னார். அது எப்படி?

சேலம்_எமர்ஜென்சி:

தண்ணி கொள்ளளவு × கேஜ் காட்டுற அழுத்தம் = லிட்டர். கையில தூக்குற பி டைப் சிலிண்டர் 10 லிட்டர் கொள்ளளவு. நிறைஞ்சிருந்தா கேஜ் 150 (கிலோ/ச.செ.மீ.) காட்டும், ஆக 1,500 லிட்டர். வண்டியில பொருத்தியிருக்கிற பெரிய டி டைப் 46.7 லிட்டர் கொள்ளளவு, ஏறக்குறைய 7,000 லிட்டர். இதுல அடிமட்டம் 15-ஐத் தொடாம ஒதுக்கி வெச்சுட்டு மீதியைத்தான் கணக்குல எடுக்கணும்.

உங்க ஊரையே எடுத்துக்குவோம். பி டைப்ல கேஜ் 60 காட்டுது. 60-லிருந்து 15 போனா 45, பத்தால பெருக்கினா 450 லிட்டர். சேமிப்புப் பையோட இருக்கிற மாஸ்க்ல நிமிஷத்துக்கு 15 லிட்டர் ஓடவிட்டா 30 நிமிஷம்தான். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சி 40 கொண்டை ஊசி வளைவு, நோயாளியோட இறங்க 2 மணி நேரம் ஆகும். 10 லிட்டர்ல ஓடினாலும் 1,200 லிட்டர் வேணும், ஒதுக்கீட்டோட சேத்து 1,350. அப்ப அந்தச் சின்ன சிலிண்டர் கேஜ் 135-க்குக் கீழ இருந்தா அதை மட்டும் நம்பி மலை இறங்கக்கூடாது, பெருசுல எவ்வளவு இருக்குன்னு பாத்துட்டுத்தான் கிளம்பணும்.

கேஜ் பொய் சொல்லும் தெரியுமா? சிலிண்டர் வால்வு மூடியிருந்தாலும் ரெகுலேட்டருக்குள்ள சிக்கின அழுத்தத்தை வெச்சு முள் 150-லயே நிக்கும். வால்வை மூடி, ஃப்ளோமீட்டரை (ஆக்சிஜன் ஓட்டத்தை அளக்கிற கருவி) திறந்து முள்ளைப் பூஜ்யத்துக்கு இறக்கிட்டு, மறுபடி சிலிண்டரைத் திறந்து படிங்க. ரெகுலேட்டர் மாட்டறதுக்கு முன்னாடி வால்வை ஒரு கணம் திறந்து தூசியை ஊதி விடணும். வாஷர் இல்லாம மாட்டினா கசியும். கசியுதேன்னு எண்ணெய், கிரீஸ், வாசலின் எதையும் தடவக்கூடாது, ஆக்சிஜனோட சேந்தா தீப்பிடிக்கும். இன்னொண்ணு, குண்டு மிதக்கிற ஃப்ளோமீட்டரை நேரா நிறுத்திக் குண்டோட நடுவைப் பாத்துப் படிக்கணும். ஸ்ட்ரெச்சர்ல சிலிண்டரைப் படுக்கப் போட்டுட்டு 10 லிட்டர் ஓடுதுன்னு சொன்னா அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

சேமிப்புப் பை மாஸ்க்கை, பையை நிரப்பாம முகத்துல போடாதீங்க. மூச்சு இழுக்கும்போது பை ஒட்டிப் போனா ஓட்டத்தைக் கூட்டணும்.

நெல்லை_மருத்துவ_உதவி:

எல்லாரும் கை வேலையைச் சொல்லிட்டீங்க. ஆனா வேலைக்கு வந்தப்புறம் ஒருத்தரோட தரம் தெரியறது அவர் எழுதுற பி.சி.ஆர். (நோயாளி பராமரிப்புப் பதிவு) தாள்லதான். கோர்ட்டுக்குப் போறதும் அந்தத் தாள்தான்.

ஜி.சி.எஸ்., அதாவது சுயநினைவு அளவு, 9-னு மொத்தத்தை மட்டும் எழுதாதீங்க. கண் 2, பேச்சு 3, அசைவு 4-னு பிரிச்சு எழுதுங்க. 20 நிமிஷம் கழிச்சு அசைவு மட்டும் குறைஞ்சா அப்பதான் டாக்டருக்குத் தெரியும். நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, எஸ்.பி.ஓ.2 (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) குறைஞ்சது ரெண்டு தடவை, ஒவ்வொண்ணுக்கும் மணியோட. நிலை மோசமான நோயாளிக்கு 5 நிமிஷத்துக்கு ஒருமுறை, ஸ்டேபிளா இருந்தா 15. விபத்துல "குடிபோதையில் இருந்தார்"னு எழுதக்கூடாது, அதை முடிவு பண்றது நம்ம வேலை இல்லை. வாயில மது வாடை, பேச்சு குழறல்னு பாத்ததை மட்டும் எழுதணும். சர்க்கரை குறைஞ்சாலும் ஆள் அப்படித்தான் தள்ளாடுவார், அதனால குளுக்கோமீட்டர் எண்ணும் பக்கத்துல இருக்கணும். தப்பா எழுதிட்டா ஒரே கோடு போட்டுக் கையெழுத்து வைங்க. மேலே மேலே திருத்தி எழுதினா சந்தேகம் வரும்.

மருந்து விஷயத்துல ஒரே விதி. முன்கூட்டியே எழுதி வெச்ச நிலையான உத்தரவுல இருக்கணும், இல்லைன்னா கட்டுப்பாட்டு அறை டாக்டர் போன்ல சொல்லணும். அவர் சொன்னதும் மருந்து பேர், அளவு, ஊசியா டிரிப்ஸான்னு திருப்பிச் சொல்லி உறுதி பண்ணிக்கிட்டு, டாக்டர் பேரும் நேரமும் தாள்ல ஏத்திடணும். நோயாளி வரமாட்டேன்னா கையெழுத்து, அதோட சாட்சி. நகை, பணம் இருந்தா பட்டியல் போட்டு வாங்கிக்கிறவர்கிட்ட கையெழுத்து.

ஒப்படைக்கும்போது கதை சொல்லாதீங்க. வயசு, எப்ப நடந்தது, எப்படி அடிபட்டார், எங்கே காயம், எண்கள், நாம என்ன பண்ணினோம். 30 நொடி. தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரி விபத்துப் பிரிவுகள்ல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு பிரிப்பாங்க. சிவப்பு வருதுன்னா வழியிலயே போன் பண்ணிடுங்க, போய் நின்னுட்டுச் சொன்னா ஆளைக் கூப்பிடவே நேரம் போயிடும்.

பைலட்_திண்டுக்கல்:

டிரைவர் பக்கத்துலேர்ந்து கொஞ்சம். ஸ்ட்ரெச்சர் லாக் விழுந்துடுச்சான்னு ஆட்டிப் பாருங்க, சத்தம் கேட்டா போதும்னு விட்டுடாதீங்க. நோயாளிக்கு எல்லா பெல்ட்டும், கூட வர்றவருக்கும் பெல்ட். ஊசி போடணும்னா "நிறுத்துங்க"னு சொல்லுங்க, வளைவுல குத்தாதீங்க. சிலிண்டரைத் தரையில உருளவிட்டுப் போற ஆளோட வண்டி எடுக்கவே கூடாது, சடன் பிரேக் போட்டா முதல்ல பறந்து வர்றது அதுதான்.

வால்பாறைவாசி:

எல்லாருக்கும் நன்றி. முகாமுக்குப் போறேன். இந்த வருஷ பாராமெடிக்கல் சேர்க்கை முடிஞ்சிருந்தா அடுத்த வருஷத்துக்கு விண்ணப்பிக்கலாம்னு இருக்கேன். அசல் சான்றிதழ் எல்லாம் எடுத்துட்டுப் போகணுமா?

சேலம்_எமர்ஜென்சி:

ஆமா, அசலைச் சரிபார்ப்பாங்க. பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், பட்டச் சான்றிதழ் வரலைன்னா தற்காலிகச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆதார், புகைப்படம், எல்லாத்துக்கும் ரெண்டு செட் நகல். பாத்துட்டுத் திருப்பி வாங்கிக்குங்க. அடுத்த வருஷ சேர்க்கைக்கு அதே அசல் தேவைப்படும், எங்கேயும் விட்டுட்டு வராதீங்க. உடற்கூறுக்குப் பதினொண்ணாம் வகுப்பு விலங்கியல் புத்தகத்துல மனித உடல் பாடங்களைப் புரட்டிட்டுப் போங்க, இதயத்தோட நாலு அறையும் ரத்தம் போற வழியும் கேக்காம விடமாட்டாங்க.