ஸ்பிரிங் வெட்டிய ஸ்விஃப்ட்டை மறுபடி கம்பெனி உயரத்துக்கு ஏற்றுவது எப்படி?

தோப்புக்காரன், பொள்ளாச்சி:

வணக்கம். இரண்டு மாதத்துக்கு முன் 2014 ஸ்விஃப்ட் வி.டி.ஐ. (டீசல்) ஒன்றைக் கோவையில் வாங்கினேன். விற்ற பையன் அதைத் தரையோடு தரையாக இறக்கி, 17 அங்குல வீல் மாட்டி வைத்திருந்தான். பார்க்க அழகுதான், நானும் மயங்கித்தான் வாங்கினேன். வீடு வந்த அன்றே தோப்புப் பாதையின் நடுமேடு வண்டியின் அடிவயிற்றைத் தேய்த்துவிட்டது. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் சொன்ன அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். எங்கள் ஊரில் யாரோ இரவோடு இரவாகப் போட்டது அரை அடி உயரம், ஒரு முழ அகலம். அதைக் குறுக்காகத்தான் கடக்கிறேன், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரனைவிட்டுக் கையை எடுப்பதில்லை. அப்பாவுக்கு முழங்கால் வலி. அவர் இப்போது காரில் ஏறுகிறேன் என்று சொல்வதில்லை, இறங்குகிறேன் என்கிறார்.

அளந்து பார்த்தேன். என்ஜினுக்குக் கீழே 116 மி.மீ. இருக்கிறது, புத்தகத்தில் 170 போட்டிருக்கிறது. டயர் 205/40 ஆர்17. பழைய உதிரி பாகக் கடையில் பெட்ரோல் ஸ்விஃப்ட்டின் ஸ்பிரிங் நான்கு கிடைக்கிறது. வாங்கி மாட்டினால் போதுமா? வேறு என்னென்ன மாற்ற வேண்டும்?

நெடுஞ்சாலை_ராஜா:

ஸ்பிரிங்கை எதற்குக் கழற்றுகிறீர்கள்? சுற்றுகளுக்கு நடுவே செருகும் ரப்பர் பஃபர் கடைகளில் கிடைக்கிறது. நான்கையும் மாட்ட அரை மணி நேரம் ஆகும். வண்டி தூக்கிக்கொள்ளும்.

பழைய பட்டறைக்காரர்:

ராஜா தம்பி சொன்னதைச் செய்யாதீர்கள். சுற்று குறையக் குறைய ஸ்பிரிங் விறைப்பாகும். வெட்டிய ஸ்பிரிங் ஏற்கெனவே விறைத்துக் கிடக்கிறது, அதில் ரப்பரையும் திணித்தால் இன்னும் ஒரு சுற்று வேலை செய்யாது. உயரம் கொஞ்சம் கூடும், முதுகு ஒடியும்.

முதலில் ஒரு சோதனை. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைத் தொங்க விடுங்கள். ஸ்பிரிங்கைக் கையால் திருப்பிப் பாருங்கள். லொடலொடவென்று சுழன்றால் வெட்டியிருக்கிறார்கள். அந்த வண்டி பெரிய பள்ளத்தில் துள்ளும்போது ஸ்பிரிங் இருக்கையைவிட்டே நழுவலாம். வெட்டிய முனை நீலம் பூத்திருந்தால் காஸ் வைத்து அறுத்தது. அந்தச் சூட்டில் கம்பியின் பதமும் போயிருக்கும்.

அடுத்தது டயர். உங்கள் வண்டிக்கு வந்தது 165/80 ஆர்14, மொத்த உயரம் ஏறக்குறைய 620 மி.மீ. நீங்கள் போட்டிருப்பது 596. வித்தியாசம் 24, அதில் பாதி, 12 மி.மீ., டயராலேயே இறங்கியிருக்கிறது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு இன்னும் குறைகிறதே என்று தலையைச் சொறிய வேண்டாம். தரையிலிருந்து அளக்காமல், சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்து, வெட்டாத ஸ்விஃப்ட் டீசல் ஒன்றோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். அதில் வரும் வித்தியாசம் ஸ்பிரிங்குடையது மட்டும்.

பெட்ரோல் ஸ்பிரிங் வேண்டாம். டீசல் என்ஜின் கனம் கூடியது. முன்பக்கம் மறுபடி மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும்.

தோப்புக்காரன்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். பின் ஸ்பிரிங் இரண்டும் கையில் பம்பரமாகச் சுழல்கின்றன. முனை நீலமாக இல்லை, கிரைண்டர் தடம் தெரிகிறது. மாமாவின் ஸ்விஃப்ட் டீசலோடு ஒப்பிட்டால் முன்னால் 40 மி.மீ. குறைவு, பின்னால் 45.

பழைய பட்டறைக்காரர்:

40-உம் 12-உம் 52. உங்களுக்குக் குறைவது 170-க்கு 116 போக 54. மீதி இரண்டு மில்லிமீட்டர் உங்கள் டேப்பின் குசும்பு.

சேஸிஸ் எண்ணைக் கொடுத்து நான்கு ஸ்பிரிங்கும் புதிதாக வாங்குங்கள். ஸ்பிரிங் வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பரையும் (ஸ்பிரிங் முழுக்க அமுங்கும்போது இடியைத் தாங்குவது) நறுக்கிவிடுவார்கள், அதையும் புதிதாகப் போடுங்கள். ஷாக் அப்சார்பர் இத்தனை நாளும் அடிமட்டத்திலேயே வேலை செய்திருக்கிறது. எண்ணெய்க் கசிவு இருந்தால் இரண்டிரண்டாக மாற்றுங்கள், ஒற்றையாக வேண்டாம். முன் ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தொகுதி) கழற்றும்போதே மேல் மவுண்டையும் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள், பிறகு அதற்கென்று தனியாக இன்னொரு கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

பின்பக்க வேலை எளிது. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு, இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் பீமை ஜாக்கியால் மெதுவாக இறக்கினால் ஸ்பிரிங் வெளியே வந்துவிடும், பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் போதும். முன்பக்கம் நீங்களே கை வைக்காதீர்கள். கம்ப்ரசர் என்ற கருவி போட்டு அமுக்கி இறுக்கிய ஸ்பிரிங் விடுபட்டால் முகத்தில்தான் வந்து அடிக்கும். என் பட்டறையில் ஒரு பையனுக்கு இரண்டு பல் போயிருக்கிறது.

வைகைக்கரை_அக்கா, மதுரை:

தம்பி, நானும் இதே வேலையைப் பழைய ஐ20 ஒன்றுக்குச் செய்தேன். நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். லிஃப்ட்டில் சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும்போதே பட்டறையில் லோயர் ஆர்ம் (சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் கை) போல்ட்டுகளை முழுக்க முறுக்கிவிட்டார்கள். வண்டி கீழே இறங்கியதும் அந்த ஆர்மின் மூட்டில் இருக்கும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டு நின்றது. நான்கே மாதத்தில் கிழிந்து, பிரேக் பிடிக்கும்போதெல்லாம் டக் டக்கென்று சத்தம். போல்ட்டுகளைக் கையளவில் போட்டு, வண்டியைத் தன் எடையில் நிற்கவைத்த பிறகுதான் கடைசி இறுக்கு இறுக்க வேண்டும். பக்கத்திலேயே நின்று செய்ய வையுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

உயரம் மாறினால் டோ அளவும் (சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மாறும். அன்றே அலைன்மென்ட் பாருங்கள், சில நூறு கிலோமீட்டரில் புது ஸ்பிரிங் சற்று அமர்ந்ததும் இன்னொரு முறை பாருங்கள். முகப்பு விளக்கையும் மறந்துவிடாதீர்கள். மூக்கு தூக்கினால் எதிரே வருபவர் கண்ணில்தான் வெளிச்சம் விழும்.

தோப்புக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ஸ்பிரிங் நான்கு, பம்ப் ஸ்டாப், முன் ஷாக் இரண்டு, இடது மவுண்ட் பேரிங் எல்லாம் புதிது. அக்கா சொன்னபடி பக்கத்திலேயே நின்றேன், மெக்கானிக் என்னோடு ஒரு மணி நேரம் பேசவில்லை. மாமா வீட்டுக் கொட்டகையில் கிடந்த 14 அங்குல வீல்களுக்கு 165/80 டயர் போட்டேன். இப்போது 168 மி.மீ. இருக்கிறது.

சோதனைக்காக ஆழியாறு வழியாக வால்பாறை போனோம். நாற்பது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி முன்னைவிடக் கொஞ்சம் சாய்கிறது, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் நான்கு பேர் உட்கார்ந்தும் டயர் எங்கும் உரசவில்லை. பின்னிருக்கையில் அம்மா தூங்கிவிட்டார்.

அந்த 17 அங்குல வீல்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டின்மேல் பலகை போட்டு அப்பா தேங்காய் உரிக்க உட்காருகிறார். உயரம் சரியாக இருக்கிறதாம்.