எனாமல் குவளை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து, ஆசிரியை:

அரசியல் கோட்பாடு வகுப்பில் இனமும் பெண்ணியமும் சேர்ந்து வரும் வாரத்தை எப்போதும் 1913இல்தான் தொடங்குவேன். பலதார மணத்தை அனுமதிக்கும் மதங்களின் சடங்குப்படி நடந்த கல்யாணம் செல்லாது என்று கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் சொன்ன வருஷம். தாலி கட்டி வாழ்ந்தவள் சட்டப்படி மனைவி இல்லை! நம் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள், சிறைக்குப் போனார்கள். தில்லையாடி வள்ளியம்மை 16 வயதில் செத்தே போனாள். அடுத்து கறுப்பர் விழிப்புணர்வு இயக்கத்தின் ஸ்டீவ் பிக்கோ: ஒடுக்கப்பட்ட ஆப்பிரிக்கர், கலப்பினத்தார், இந்தியர் எல்லாரும் கறுப்பர்தான் என்றவர். இந்த இடம் வந்தால் எனக்குக் குரல் தானாக உயர்ந்துவிடும்.

போன வருஷம் ஜூலு என்ற ஆப்பிரிக்க இனத்து மாணவி ஒருத்தி கை தூக்கினாள். "என் பாட்டி சாட்ஸ்வொர்த்தில் ஓர் இந்தியர் வீட்டில் வேலை செய்தார். அவருக்கு மட்டும் தனி எனாமல் குவளை. பின்பக்கக் குழாயடியில் கவிழ்த்து வைத்திருப்பார்களாம். அந்த வீட்டம்மாவும் கறுப்பர்தானா?"

இனமும் பாலினமும் சேர்ந்து ஒடுக்குவதைப் பற்றிய கிரென்ஷாவின் 1989 கட்டுரை கையில் தயாராக இருந்தது. எடுக்க மனசு வரவில்லை. எங்கள் ஆயா (பாட்டி) வீட்டிலும் நீல விளிம்பு வைத்த குவளை ஒன்று உண்டு. அதில் டீ குடித்தவரை எல்லாரும் 'மேரி' என்போம். அவருடைய சொந்தப் பேர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

கப்பல் ஏறியதும் சாதி போச்சு என்று எங்கள் தாத்தா சொல்வார். தமிழ்நாட்டு டீக்கடைகளில் இரட்டைக் குவளை என்று படித்தபோதுதான் எங்கள் வீட்டுக் குழாயடியும் ஞாபகம் வந்தது.

ஃபீனிக்ஸிலிருந்து:

எல்லாப் பழியையும் ஆயா தலையில் போடாதீர்கள். எங்கள் ஆயாவை, இனவாரியாகக் குடியிருப்பைப் பிரித்த குழு வாழிடச் சட்டம் டர்பனின் கேட்டோ மேனர் பகுதியிலிருந்து சாமானோடு துரத்தியது. அங்கே பக்கத்து வீட்டு ஜூலு அம்மாவும் அவரும் ஒரே பானையில் சமைத்திருக்கிறார்கள்.

ஆசிரியை:

பழி போடவில்லை அக்கா. உங்கள் ஆயா கதையையும் அந்தப் பெண்ணிடம் சொல்கிறேன். அவள் கட்டுரையே அதைப் பற்றித்தான். அம்மாவிடம் குவளையைக் கேட்டேன். "அவங்க வசதிக்குத்தான் தனியா வச்சோம்," என்றாள், அதுவும் ஆங்கிலத்தில். குவளை இன்னும் இருக்கிறது. அதில் துணி கிளிப் போட்டு வைத்திருக்கிறாள்.