கூத்துப் பழக்கத்துக்குச் சிறு நிதி கேட்பது பற்றி

அன்புள்ள ஊரவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ரொறன்ரோவிலிருக்கும் தம்பி ஒருவர் சென்ற கிழமை இங்கே ஒரு கேள்வியை எழுப்பியிருந்தார். ஆண்டு ஒன்றுகூடலில் நம் பிள்ளைகள் இருபது நிமிடம் கூத்தாடிவிட்டு, மறு ஆண்டு வரை சதங்கையைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள் என்றும், தொடர்ந்து பழக்குவதற்கு அந்தந்த நாட்டுப் பொதுநிதியிலிருந்து ஏதேனும் பெறலாமா என்றும் அவர் கேட்டிருந்தார். நம் ஊர்ச் சங்கத்தின் லண்டன் கிளையின் செயலாளராக இருந்த காலத்தில் இந்த வேலையில் ஒருமுறை தோற்றும் ஒருமுறை வென்றும் இருப்பதால், எனக்குத் தெரிந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் இங்கிலாந்தில் இருப்பதால் இங்கிலாந்து ஒழுங்குகளைப் பற்றித்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதலில் தோற்ற கதையைச் சொல்லிவிடுகிறேன். நம் கலைவிழாவுக்கு உதவி கேட்டு ஒரு நிதியத்துக்கு விண்ணப்பம் அனுப்பினோம். அதில் மண்டப வாடகை, ஒலியமைப்பு, இரவுச் சாப்பாடு, ஊரிலிருந்து கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியாரை அழைத்து வருவதற்கான விமானச் சீட்டு ஆகிய நான்குமே பெருஞ்செலவுகளாக இருந்தன. மறுப்புக் கடிதம் இரண்டே பத்திகளில் வந்தது. அப்போது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆறு மாதம் கழித்து அதே விண்ணப்பத்தை மறுபடி வாசித்தபோது, நிதி தருபவரின் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றியது. உறவினர் முந்நூறு பேர் ஓர் இரவு கூடிச் சாப்பிட்டுப் பிரிவதற்கு வேறு யாரோ பணம் தரவேண்டும் என்று நாம் கேட்டிருந்தோம். கூத்து என்ற சொல் அந்தப் படிவத்தில் இருந்தது. கூத்து எப்படிப் பழகப்படுகிறது என்பது ஓரிடத்திலும் இருக்கவில்லை.

ஊரில் கூத்து எப்படி நடந்தது என்பதை நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி எந்தக் கூத்து, கூத்தின் இரு பாணிகளில் வடமோடியா தென்மோடியா என்று முடிவு செய்து, அண்ணாவியாரை வெற்றிலை பாக்குடன் அழைப்பார்கள். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று தேர்ந்து, சட்டம் (அந்தப் பாத்திரத்துக்குரிய பாட்டும் பேச்சும் எழுதிய ஏடு) கொடுப்பார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் இரவுகளில் ஆட்டமும் பாட்டும் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து (முழு ஒத்திகை), அரங்கேற்றி, அரங்கேற்றம் முடிந்த பின் வீட்டுக்கு வீடு ஆடி வருவார்கள். அந்த நீண்ட ஒழுங்கில் அரங்கேற்றம் ஒரே ஓர் இரவு மட்டுமே. மற்ற எல்லா இரவுகளிலும் நடந்தது கற்றல். கூத்தாடும் களரியைச் சுற்றியிருந்த வீடுகள் தேநீர் கொடுத்தன, பெண்கள் உடுப்புக்கு மணி கோத்தார்கள், பொடியன்கள் திண்ணையில் குந்தியிருந்து முழுக் கூத்தையும் மனப்பாடம் செய்தார்கள்.

வென்ற இரண்டாவது விண்ணப்பத்தில் இதைத்தான் எழுதினோம். ஒரு கூத்துப் பருவத்தை, சட்டம் கொடுப்பது முதல் அரங்கேற்றம் வரை, 32 ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்து, எந்தக் கிழமையில் என்ன நடக்கும், யார் பழக்குவார், யார் பழகுவார், அயலவர்கள் எப்போது வந்து பார்க்கலாம் என்று அடுக்கினோம். மொத்தம் கேட்டது 9,960 பவுண். அதில் அரங்கேற்ற நாளுக்கு ஒதுக்கியது 900 பவுண் மட்டுமே. மிகுதி எல்லாம் பழக்கத்துக்குப் போனது. இங்கே நிதி தருவோர் படிவங்களில் கேட்கும் கேள்விகளை வாசித்தால், ஊரில் அண்ணாவியாரைக் கூப்பிடுமுன் பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்ட கேள்விகள்தாம் அவை என்பது தெரியும்: என்ன செய்யப் போகிறீர்கள், யாருக்காக, அவர்கள் கேட்டார்களா, எவ்வளவு காலம், எவ்வளவு செலவு, முடிந்ததும் என்ன மிஞ்சும்.

இங்கிலாந்தில் நம்மைப் போன்ற சிறிய சங்கங்களுக்கு முதலில் தட்டவேண்டிய கதவு நஷனல் லொத்தரி சமூக நிதியத்தின் ‘அவார்ட்ஸ் ஃபோர் ஆல்’ திட்டம். 300 பவுணிலிருந்து 20,000 பவுண் வரை, இரண்டு ஆண்டு வரையிலான திட்டத்துக்குக் கேட்கலாம். பதிவு பெற்ற தொண்டு நிறுவனமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எழுத்தில் ஒரு யாப்பும் (சங்க விதிகள்), நிருவாக சபையும், சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும். ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். முடிவு வருவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதையும், முடிவுக்கு முன் செலவழித்த பணத்தைத் திருப்பித் தரமாட்டார்கள் என்பதையும் மனத்தில் வைத்து நாள் குறிக்கவேண்டும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றுக்கும் தனித்தனித் திட்டங்கள் இருப்பதால் கிளாஸ்கோவில் இருப்பவர்கள் எங்கள் படிவத்தை அப்படியே பயன்படுத்த வேண்டாம்.

இந்தத் திட்டத்தில் நம் சங்கத்துக்கு நேர்ந்த பெரிய இடைஞ்சல் நீங்கள் எதிர்பார்க்கும் ஒன்றல்ல. நிருவாக சபையில் ஒருவருக்கொருவர் உறவில்லாத இருவராவது இருக்கவேண்டும். வங்கிக் கணக்கைக் கையாளுவோரும் உறவில்லாத இருவராக இருக்கவேண்டும். உறவு என்று அவர்கள் சொல்வது இரத்த உறவை மட்டுமல்ல, திருமணத்தால் வந்த உறவையும், ஒரே முகவரியில் வசிப்பதையும் சேர்த்துத்தான். எங்கள் தலைவரும் பொருளாளரும் அத்தான் மச்சான். நானோ பொருளாளரின் மனைவிக்குச் சின்னம்மாவின் மகள். குடி (குலம்) பார்த்துக் கல்யாணம் செய்த ஊரில் ஒருவருக்கொருவர் ஒன்றும் ஆகாத இருவரைத் தேடுவது, ஊர் வரலாறு எழுதுவதைவிடக் கடினமான வேலை. இறுதியில் நம் ஊரில் படிப்பித்த ஆசிரியர் ஒருவரின் மகனை, அவர் வேற்றூர்க்காரர் என்பதற்காகவே, நிருவாக சபைக்குள் எடுத்துக் கணக்கில் ஒப்பமிடவும் வைத்தோம். சிலர் முகம் சுளித்தார்கள். இன்று சங்கத்தின் கணக்கு முன்னெப்போதையும்விடத் துப்புரவாக இருக்கிறது.

ஆர்ட்ஸ் கவுன்சில் இங்கிலாந்து வழங்கும் திட்ட நிதி அடுத்த படி. அது 1,000 பவுணிலிருந்து 100,000 பவுண் வரை போகிறது; கலையின் தரம் பற்றியும் கலைஞரின் அனுபவம் பற்றியும் கூடுதலாகக் கேட்பார்கள்; மொத்தச் செலவில் குறைந்தது பத்து வீதத்தையாவது வேறு வழியில் திரட்டிக் காட்டவேண்டும். பத்து வீதம் நமக்குப் பெரிய தொகை அல்ல. ஊரில் வீட்டுக்கு வீடு சேர்த்துத்தானே கூத்துப் போட்டோம்? அதே வழியில் அறுபது குடும்பங்கள் ஆளுக்கு இருபது பவுண் போட்டால் 1,200 பவுண் ஆகிவிடும். அந்தப் பட்டியலே நம் ஆட்கள் இதை விரும்புகிறார்கள் என்பதற்குச் சான்றாகவும் நிற்கும்.

இந்தக் கவுன்சில், கலைஞருக்கு நியாயமான ஊதியம் கொடுக்கிறீர்களா என்று கேட்கும். இதில் நமக்குச் சற்று வெட்கப்பட இடமிருக்கிறது. அண்ணாவியாருக்குப் பொன்னாடை போர்த்தி, மாலையிட்டு, புகைப்படம் எடுத்து, பிறகு ரயில் காசைக்கூடக் கொடுக்காமல் அனுப்பிய விழாக்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றிரண்டை நானே நடத்தியுமிருக்கிறேன். ஊரில் வீட்டுக்கு வீடு ஆடியதன் நோக்கங்களில் ஒன்று அண்ணாவியாருக்கான பரிசுப் பணத்தைச் சேர்ப்பது. அதை விட்டுவிட்டுப் பொன்னாடையை மட்டும் பிடித்துக்கொண்டோம். எங்கள் இரண்டாவது விண்ணப்பத்தில் பழக்குபவருக்கு ஒரு ஞாயிறுக்கு 120 பவுண் வீதம் 3,840 பவுணும், மத்தளம் பழக்க வருபவருக்குப் பதினாறு ஞாயிறுகளுக்கு 1,280 பவுணும் எழுதினோம். சபையில் இதுதான் அதிகமாக விவாதிக்கப்பட்டது. “நம்ம ஆள்தானே, காசு கேட்பாரா?” என்றார் ஒருவர். நம்ம ஆள் என்பதற்காகவே அவர் ஓர் ஆண்டு ஞாயிறுகளை இலவசமாகத் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம் என்று நான் வாதாடினேன். இப்போதும் அதையே சொல்லுவேன்.

இனி, நிதி தருவோர் எதற்குத் தரமாட்டார்கள் என்பது. மத வழிபாட்டுக்கு அவர்கள் தருவதில்லை. நம் கூத்துகள் பாரத இராமாயணக் கதைகள். அவை ஆடப்பட்ட இடம் கோயில் வாசல். இதை மறைத்து எழுதக் கூடாது. கதை எங்கிருந்து வந்தது என்பதை வெளிப்படையாகச் சொல்லி, நாம் நிதி கேட்பது ஆட்டமும் பாட்டும் தாளமும் பழகுவதற்குத்தான், எந்த மதத்தவரும் வந்து பழகலாம் என்று எழுதி, அதை உண்மையாகவும் நடத்தவேண்டும். கோயில் திருவிழாவில் ஆடவேண்டுமானால் அந்த நாளின் செலவைச் சங்கப் பணத்திலிருந்து எடுங்கள். அதுபோலவே, இங்கிலாந்து மக்களின் பயனுக்கென்று கொடுத்த பணத்தை ஊர்ப் பாடசாலைக்கோ கோயில் களரியைத் திருத்தவோ அனுப்ப முடியாது. ஊருக்கு அனுப்பும் பணத்தை நாம் நம் கையிலிருந்து அனுப்பிக்கொள்வோம். இரண்டையும் ஒரே கணக்கில் கலந்தால் இரண்டும் கெடும்.

பெண்பிள்ளைகள் விடயத்தையும் சொல்லத்தான் வேண்டும். ஊரில் கூத்தாடியவர்கள் ஆண்கள்; பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். இங்கே யார் யார் பங்கெடுக்கலாம் என்று படிவம் கேட்கும். எங்களிடம் பழக வந்த பதினெட்டுப் பேரில் பதினொருவர் பெண்பிள்ளைகள். படிவம் கேட்டதனால் அவர்கள் வரவில்லை, ஆண்பிள்ளைகள் காற்பந்துக்குப் போய்விட்டார்கள் என்பதனால் இடம் கிடைத்தது. கர்ணனுக்குக் கரப்பு என்ற விரிந்த உடுப்பு உடுத்து ஆடியவள் பதினைந்து வயதுச் சிறுமி. மரபு குலைந்துவிட்டது என்று இரண்டு பெரியவர்கள் எழுந்து போனார்கள். ஒருவர் அரங்கேற்றத்துக்குத் திரும்பி வந்து முன் வரிசையில் இருந்தார்.

சிறுவர்களுடன் வேலை செய்வதால் பழக்குபவர்களுக்கு டிபிஎஸ் சான்றும் (குற்றப் பின்னணிச் சோதனை), சங்கத்துக்குச் சிறுவர் பாதுகாப்புக் கொள்கை ஒன்றும் தேவை. நம் ஆட்களைச் சந்தேகிக்கிறார்களோ என்று யாரும் மனம் நோக வேண்டாம், எல்லாரிடமும் கேட்பதுதான்.

களரி பற்றியும் ஒரு சொல். ஒரு பக்கம் திரை போட்ட மேடையை வாடகைக்கு எடுக்கத் தேவையில்லை. வட்டக்களரி என்பது நடுவில் ஆட, சுற்றி நான்கு புறமும் இருந்து பார்ப்பது. பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தின் தரையே அதற்குப் போதும், வாடகையும் குறைவு, சக்கர நாற்காலியில் வரும் முதியவர் ஆட்டக்காரருக்கு மூன்றடி தூரத்தில் இருந்து பார்க்கலாம்.

அரசுப் பணத்தில் கூத்தாடுவது இழுக்கு என்று நினைக்கும் பெரியவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். 1950களின் பிற்பகுதியில் இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன், அந்தப் பொது நிறுவனத்தின் துணையோடுதான் கிராமங்களுக்குச் சென்று அண்ணாவிமாரை ஒன்றுசேர்த்தார். பின்னர் 1962இல் பேராதனையில் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றினார். விடிய விடிய ஆடியதைச் சுருக்கியதற்காக அவரை அன்றும் சிலர் குறை சொன்னார்கள்.

மற்ற நாடுகளில் இருப்போருக்குச் சுருக்கமாக: ஒன்ராறியோவில் ட்ரில்லியம் நிதியம் இருக்கிறது, ஆனால் அதற்குச் சங்கம் இலாபநோக்கற்ற அமைப்பாகச் சட்டப்படி பதிவாகியிருக்கவேண்டும், ஆகவே முதலில் அந்தப் பதிவைப் பாருங்கள். அங்கே தை (ஜனவரி) மாதம் தமிழ் மரபுத் திங்களாக இருப்பதால் எல்லாச் சங்கங்களும் அந்த மாதத்தையே குறிவைக்கின்றன. பழக்கத்துக்குக் கேட்கும் நீங்கள் பங்குனியிலும் தொடங்கலாம். நோர்வேயில் அரச லொத்தர் நிறுவனமான நோர்ஸ்க் திப்பிங்கின் விளையாட்டுகளில் பணம் கட்டுவோர் ஓர் உள்ளூர்ச் சங்கத்தைத் தெரிவு செய்தால், கட்டும் தொகையில் 7 வீதம் அச்சங்கத்துக்குப் போகும்; அதற்குத் தன்னார்வ அமைப்புகளின் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். இதற்காக யாரும் புதிதாக லொத்தர் போடத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே போடுகிறவர்கள் சங்கத்தின் பெயரைச் சுட்டினால் போதும்.

எந்த நாடாக இருந்தாலும், விண்ணப்பத்தை அனுப்புமுன் நிதியத்தின் அலுவலரைத் தொலைபேசியில் அழைத்து, இப்படியொரு திட்டம் உங்கள் விதிக்குள் வருமா என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் முதல் முறை அழைக்கவில்லை. இரண்டாம் முறை அழைத்ததில் விமானச் சீட்டை எடுத்துவிடும்படி ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். அண்ணாவியார் வராமலே, அவரிடம் பழகி இங்கே குடியேறிய மாணவர் ஒருவர் பழக்க, அவர் ஊரிலிருந்து காணொளியில் பார்த்து ஆட்டத்தின் அடவையும் தரு என்ற பாட்டையும் திருத்தினார். அவருக்கான அன்பளிப்பைச் சங்கப் பணத்திலிருந்து தனியாக அனுப்பினோம்.

லண்டன் கிளை வரும் பருவத்துக்குத் தென்மோடிக் கூத்து ஒன்றை எடுத்து மீண்டும் விண்ணப்பிக்க இருக்கிறது. அதற்கு மூன்று உதவிகள் தேவை. பழைய தென்மோடிக் கூத்து எழுதிய கொப்பி எவரிடமாவது இருந்தால் பக்கங்களைத் தெளிவாகப் படமெடுத்து அனுப்புங்கள். ஓரத்தில் எழுதியிருக்கும் தாளக்கட்டுக் குறிப்புகளை விட்டுவிட வேண்டாம். தையல் தெரிந்த அக்காமார் நால்வர், தாம் தரக்கூடிய மணித்தியாலங்களை எழுதித் தாருங்கள். அது விண்ணப்பத்தில் சங்கத்தின் பங்காகக் கணக்கில் வரும். மூன்றாவதாக, எங்கள் ஆங்கில வரைவை வாசித்துக் குறை சொல்ல இருவர் வேண்டும், அவர்கள் கூத்தே பார்த்திராதவர்களாக இருந்தால் மிக நல்லது. ரொறன்ரோத் தம்பிக்கு எங்கள் வென்ற விண்ணப்பத்தையும் தோற்ற விண்ணப்பத்தையும் தனியாக அனுப்பிவைக்கிறேன். தோற்றதை முதலில் வாசிக்கவும்.

இங்ஙனம்,
லண்டன் கிளையின் முன்னாள் செயலாளர்