டர்பனில் நரம்பியல் பிசியோதெரபி மேற்படிப்பு: சேர்வதற்கு முன் அறிய வேண்டியவை

சகோதரிக்கு வணக்கம். பி.பி.டி. என்னும் பிசியோதெரபி இளநிலைப் பட்டம் முடித்து, கணவரின் வேலையை ஒட்டித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்து மூன்று மாதமாகிறது என்றும், நரம்பியல் பிசியோதெரபியில் மேற்படிப்பு படிக்க எங்கே சேரலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பதினோரு ஆண்டுகளாக இந்த ஊரில் பக்கவாத நோயாளிகளோடும் தண்டுவடக் காயம் பட்டவர்களோடும் வேலை செய்து வருகிறேன். எங்கே சேர்வது என்பதைவிட எதற்காகச் சேர்கிறீர்கள் என்பதைத்தான் முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

நம் ஊரில் எம்.பி.டி. என்னும் பிசியோதெரபி முதுநிலைப் படிப்பு என்றால் இரண்டு ஆண்டு வார்டில் நின்று, மூத்தவர்களின் கண்முன் நோயாளியைப் பரிசோதித்துத் திருத்தம் வாங்குவதும் படிப்பின் பகுதி. இங்கே முதுநிலைப் பட்டங்கள் பல ஆய்வேட்டை மட்டுமே கொண்டவை. சிலவற்றில் பாடங்களும் சிறு ஆய்வேடும் உண்டு. ஆய்வேட்டுப் பட்டம் சிந்தனையைக் கூர்மையாக்கும், ஆனால் கைகளைப் பழக்காது. இந்த வேறுபாடு தெரியாமல் சேர்ந்து, ஓராண்டு கழித்து வருந்தியவர்களை நான் அறிவேன். டர்பனின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள குவாசுலு-நடால் பல்கலைக்கழகத் துறையானாலும், ஜொகனஸ்பர்க், கேப் டவுன் பல்கலைக்கழகங்களானாலும், நோயாளிகளோடு செலவிடும் நேரம் எத்தனை மணி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எந்தப் பாதையில் போனாலும் எச்.பி.சி.எஸ்.ஏ. என்னும் தென்னாப்பிரிக்க மருத்துவத் தொழில்களுக்கான பதிவு மன்றத்தின் பதிவு இன்றி இங்கு நோயாளிக்குச் சிகிச்சை அளிக்க முடியாது. 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. மேற்படிப்பு மாணவர்களுக்கும் விலக்கு இல்லை. வெளிநாட்டுப் பட்டத்தை மதிப்பிடும் சாக்வா என்னும் அமைப்பின் சான்றிதழ் வேறு, இந்தப் பதிவு வேறு. ஒன்று கிடைத்தால் மற்றது தானாக வந்துவிடாது. கணவரோடு வந்த விசாவில் படிப்பதற்கும் தனியே அனுமதி பெற வேண்டும்.

கைத்திறனுக்காக நம்மவர்கள் பெரும்பாலும் நாடுவது, நோயாளியின் அசைவைக் கையால் வழிநடத்தும் போபாத் முறையின் அடிப்படைப் பயிற்சியைத்தான். நல்ல பயிற்சிதான், நோயாளியின் உடல் அசைவைக் கூர்ந்து கவனிக்க அது கற்றுத்தரும். ஆனால் ஒரே முறையை மதம்போல் பற்றிக்கொள்ள வேண்டாம். பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்பி, எவ்வளவு அதிகமாக நடமாட விடுகிறோமோ அவ்வளவு நல்லது என்றே நாங்களும் நம்பியிருந்தோம். 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வு, 2104 நோயாளிகளை வைத்து, முதல் 24 மணி நேரத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பி நடமாட வைப்பது மூன்று மாத முடிவில் நன்மையைக் குறைத்தது என்று காட்டியது. இத்தகைய ஆய்வைப் படித்து மறுநாள் வார்டில் என்ன மாற்ற வேண்டும் என்று முடிவெடுக்கத் தெரிவதுதான் மேற்படிப்பின் பயன் என்று நான் நினைக்கிறேன்.

இங்குள்ள நோய்களின் முகமும் வேறு. ஹெச்.ஐ.வி. தொற்றுள்ள இளம் வயதினருக்கு வரும் பக்கவாதம், காசநோயால் வரும் மூளையுறை அழற்சி, முதுகெலும்புக் காசநோயால் கால்கள் செயலிழந்தவர்கள், விபத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் தண்டுவடம் சிதைந்தவர்கள் என்று ஒரே வார்டில் காண்பீர்கள். ஆய்வில் சொன்னதை இங்கே அப்படியே செய்யவும் முடியாது. நல்ல கையைக் கட்டிவைத்து, செயலிழந்த கையைக் கட்டாயமாகப் பயன்படுத்த வைக்கும் முறைக்கு வலுச்சேர்த்த 2006-ஆம் ஆண்டு எக்ஸைட் ஆய்வில் நோயாளிகள் இரண்டு வாரம், வார நாட்களில் நாளுக்குச் சுமார் ஆறு மணி நேரம் வரை பயிற்சி பெற்றார்கள். மணிக்கட்டும் விரல்களும் ஓரளவு விரிந்தவர்களே அதில் சேர்க்கப்பட்டார்கள். கிராமத்திலிருந்து மினிபஸ் டாக்சியில் மாதம் ஒருமுறை வருகிற ஒரு முதியவளுக்கு அந்த ஆறு மணி நேரத்தை எங்கே கொடுப்பது? பேத்தியிடம்தான் கொடுக்க வேண்டும். பேத்திக்குப் புரியும்படி சொல்ல, அவர்களுடைய ஜூலு மொழி தெரிந்திருக்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். வந்த புதிதில், நர்ஸ் ஒருவரின் மொழிபெயர்ப்பை நம்பி ஒரு தாய்க்குத் தோள் பயிற்சியைச் சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதம் வந்தபோது, நல்ல கைக்கே அந்தப் பயிற்சியை ஒருநாள் தவறாமல் செய்து வந்திருந்தார். நோயுற்ற தோளில் இழந்த நான்கு வாரத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. அன்று மாலையே ஜூலு வகுப்பில் சேர்ந்தேன். எழுந்து நிற்கச் சொல்ல ‘சுகுமா’, கையைத் தூக்கச் சொல்ல ‘பகமிசா இங்காலோ’ என்று தொடங்குங்கள். மூத்த பெண்களைக் ‘கோகோ’ என்றும் மூத்த ஆண்களை ‘பாபா’ என்றும் அழையுங்கள். நம் ஊரில் பாட்டி, ஐயா என்பது போலத்தான். டர்பனின் சாட்ஸ்வொர்த் பக்கத்திலிருந்து வரும் நம் வம்சாவளியினர் 1860 முதல் கப்பலில் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். பெயரில் தமிழ் இருக்கும், பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். அவர்களிடம் தமிழை எதிர்பார்த்துச் சங்கடப்படுத்த வேண்டாம்.

இப்போதே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் கல்லூரியிலிருந்து மதிப்பெண் பட்டியல் மட்டுமல்லாமல், முழுப் பாடத்திட்டத்தையும், ஒவ்வொரு பிரிவிலும் நீங்கள் வார்டில் கழித்த மணிக்கணக்கையும் முதல்வரின் கையொப்பத்தோடும் முத்திரையோடும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். அங்கிருக்கும் அப்பாவையோ தம்பியையோ நேரில் அனுப்புங்கள்.