வேலியோரம் கேட்ட ஜார்ஜியா ஓட்டுக் கதை

நான் இருப்பது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவை ஒட்டிய குவினெட் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி). குடியுரிமை வாங்கி முதல் ஓட்டுப் போட்டது 2016இல். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஜார்ஜியாவிலேயே பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர், எண்பதை நெருங்கியவர். வேலியோரம் நின்றால் பழைய தேர்தல் கதைதான்.

மஞ்சள் நாயை நிறுத்தினாலும் டெமாக்ரட் என்றால் அவர் தாத்தா ஓட்டுப் போட்டுவிடுவாராம். நம்மூரில் கழுதையை நிறுத்தினாலும் என்போமே, அதேதான். (டெமாக்ரட் சின்னமே கழுதைதான், அதை விடுங்கள்.) ரிபப்ளிகன் என்றால், அடிமை முறையை ஒழித்து உள்நாட்டுப் போரில் தெற்கைத் தோற்கடித்த லிங்கனின் கட்சி. 1960 வரை ஜார்ஜியா ஒருமுறைகூட அந்தப் பக்கம் சாய்ந்ததில்லை.

1964இல் டெமாக்ரட் அதிபர் ஜான்சன், இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சிவில் உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த வருஷத் தேர்தலில், செனட்டில் அதை எதிர்த்த ரிபப்ளிகன் கோல்ட்வாட்டருக்கு மாநிலமே போயிற்று. 1968இல் இரண்டு கட்சியிலும் சேராமல் நின்று இனப்பிரிவினை பேசிய வாலஸுக்கு. "நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?" என்று கேட்டேன். குழாயைத் திறந்து புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அடுத்த வாரம் அவரே வந்து, 1972இல் ரிபப்ளிகன் நிக்ஸன், 1976இல் நம்ம ஜார்ஜியாக்காரர், டெமாக்ரட் கார்ட்டர் என்றார். இரண்டு முறையும் 159 கவுண்டியும் மொத்தமாக ஒரே பக்கம். நாலே வருஷத்தில், ஏறக்குறைய அதே ஜனங்கள்!

2016இல் குவினெட் டெமாக்ரட் ஹிலரிக்குப் போனது, அந்தக் கட்சிக்கு கார்ட்டருக்குப் பிறகு முதல் தடவையாக. பெரியவர் மாறவில்லை, ரிபப்ளிகன் டிரம்ப்தான். ஆனால் அவரைச் சுற்றிக் கொரியர்கள், மெக்சிகோக்காரர்கள், கறுப்பினக் குடும்பங்கள், அப்புறம் நாங்கள். அவர் காலத்தில் இருந்தவர்களே கட்சி மாறினார்கள். இப்போது கவுண்டி மாறியது பெரும்பாலும் புதிதாக வந்தவர்களால் என்றுதான் நினைக்கிறேன்.

2020இல் ஜார்ஜியாவில் டெமாக்ரட் பைடன் 11,779 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். ஏறக்குறைய 50 லட்சம் சீட்டைக் கையால் எண்ணினார்கள். அந்த நாட்களில் நானும் அவரும் வானிலை மட்டுமே பேசினோம்.

---

மேலே உள்ளதற்கு ஒரு வாசகரின் பதில்: நான் உங்களுக்கு வடக்கே ஃபோர்சைத் கவுண்டி. இங்கேயும் நம் ஆட்கள் ஏராளம், ஆனால் புதிதாக வந்தவர்களால் கவுண்டி மாறியது என்று நீங்கள் சொல்கிற கணக்கு அப்படியே பொருந்தாது. 2012இல் ஐந்தில் நான்கு பங்கு ரிபப்ளிகனுக்கு, 2020இல் மூன்றில் இரண்டு. சரிந்தது உண்மை, கவிழவில்லை. 2024இல் மாநிலமே டிரம்ப்புக்குத் திரும்பிவிட்டது. வரி, பள்ளிக்கூடம் என்று காரணம் சொல்லி அவருக்குப் போட்ட தமிழ் நண்பர்கள் எனக்கே இரண்டு பேர் உண்டு. பொங்கல் விருந்தில் அவர்களுக்கும் என் மனைவிக்கும் நடுவில்தான் நான் உட்கார்ந்தேன். சாப்பாடு இறங்கவில்லை.